உடலுக்குள் ஒரு நாழிகை வட்டில்

(மாத்தளையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

வாலிபர் சங்கத்து மேடையிலே சமயத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பேசாமல், உடம்பிலுள்ள கொழுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது என்ன பேச்சு என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காரணத்தை முதலிலே சொல்லிவிடுகிறோம்.

நம் சங்கத்தில் ஒரு தம்பி இருந்தார். கரப்பந்தாட்டத்தில் வலையோரம் நின்று துள்ளி அடிப்பதில் அவருக்கு நிகர் அவரே. படிப்பு முடிந்ததும் குடும்பப் பாரம் தலைமேல் வந்தது. இரவுக் காவல் வேலை ஒன்று கிடைத்தது. மாலை ஆறு மணிக்குப் போனால் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திரும்புவார். மூன்று ஆண்டுகள் சென்றன. துள்ளிய கால்கள் தளர்ந்தன, இடுப்பு பருத்தது, முகம் ஊதியது. நாம் என்ன செய்தோம்? பட்டப்பெயர் வைத்தோம். “உட்கார்ந்து தின்கிற உத்தியோகம் அல்லவா!” என்று சொல்லிச் சிரித்தோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அதன் பிறகு சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நீரிழிவு என்று வைத்தியர் சொன்ன செய்தி பின்னர்தான் நம் காதுக்கு எட்டியது.

அவர் எவ்வளவு தின்றார் என்பதைப் பற்றி நாம் எல்லோரும் பேசினோம். எந்த நேரத்தில் தின்றார் என்று ஒருவராவது கேட்டோமா? இல்லை. இந்த ஒரு கேள்வியைத்தான் இன்றைய பேச்சின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பருமன் என்பது பணக்காரர் வீட்டு நோய் என்று நினைத்த காலம் போய்விட்டது. 2005ஆம், 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. வயதுவந்தோரில் நூற்றுக்கு 25.2 பேர் மிகைநிறை உடையோர், 9.2 பேர் பருமன் உடையோர் என்று அதிலே கண்டார்கள். சேர்த்துப் பார்த்தால் மூவரில் ஒருவர். நீரிழிவு உடையோர் ஏறக்குறையப் பத்தில் ஒருவர். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று சிலர் கேட்கலாம். ஒருவருடைய நிறையைக் கிலோவில் எடுத்து, அவருடைய உயரத்தை மீற்றரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, அந்தத் தொகையால் நிறையை வகுக்க வேண்டும். ஆசிய மக்களுக்கு விடை 23ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் எல்லை வகுத்தார்கள். 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு முதல் எல்லை ஏறக்குறைய 62½ கிலோ. இரண்டாம் எல்லை 75 கிலோ. வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இனி, நேரத்துக்கும் கொழுப்புக்கும் என்ன உறவு என்று பார்ப்போம். அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

நம் வீதியோரத்துப் புளியமரத்தைப் பாருங்கள். பொழுது சாய்ந்ததும் இலைகள் கூம்புகின்றன, விடிந்ததும் விரிகின்றன. மகா அலெக்சாந்தரின் படையோடு சென்ற அந்திரொஸ்தினிஸ் என்னும் கிரேக்கர் பாரசீக வளைகுடாத் தீவொன்றிலே இதைக் கண்டு, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே குறித்து வைத்தார். வெளிச்சம் வந்தால் விரிகிறது, போனால் கூம்புகிறது. இதில் என்ன அதிசயம் என்று உலகம் இருந்துவிட்டது. 1729இல் தெ மெரான் என்னும் பிரெஞ்சு வானியல் அறிஞர் தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றை இருட்டிலே வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாத அந்தச் செடி பகல் வேளையில் இலையை விரித்தது. இரவு வேளையில் மூடியது. வெளியே வெளிச்சம் இல்லை. ஆனாலும் செடிக்கு நேரம் தெரிந்திருந்தது. அப்படியானால் கடிகாரம் செடிக்கு உள்ளேதான் இருக்கவேண்டும்.

மனிதருக்கும் விலங்குக்கும் இப்படியான கடிகாரம் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் நம் தமிழகத்து மதுரையும் ஒன்று என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் சமணர் மலைக் குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். குகையின் உள்ளே, வெளிச்சம் எட்டாத இருளிலே, ஒரு வௌவாலைக் கூட்டில் அடைத்து வைத்தார்கள். கூட்டமாக வாழும் மற்ற வௌவால்கள் மாலையில் வெளியே பறந்து விடியலில் திரும்பி வந்துகொண்டிருந்தவரையில், அடைபட்ட வௌவாலும் அவற்றோடு நேரம் தவறாமல் விழித்தது. மற்றவை இல்லாத குகையிலோ அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிப் போயிற்று. உள்ளே கடிகாரம் இருந்தது. அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தது சுற்றத்தின் நடமாட்டம். இந்த முடிவை 1978இல் வெளியிட்டார்கள். சூரியனும் மணிக்கூடும் இல்லாத அறை ஒன்றை அதே பல்கலைக்கழகத்தில் அமைத்து, மனிதரையும் அதிலே பல நாள் தங்கவைத்து, அவர்களுடைய உறக்கமும் விழிப்பும் எப்படி ஓடுகின்றன என்று பார்த்தார்கள். அந்த வௌவாலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவிலே அதனிடம் திரும்பி வருவோம்.

கடிகாரம் எதனால் ஆனது? 1971இல் அமெரிக்காவில் கொனொப்காவும் பென்சரும் பழ ஈக்களை வளர்த்துச் சோதித்தார்கள். சில ஈக்களின் நாள் 19 மணிநேரமாகக் குறுகியிருந்தது. சிலவற்றின் நாள் 28 மணிநேரமாக நீண்டிருந்தது. இன்னும் சிலவற்றுக்கு நாள் என்ற ஒழுங்கே இல்லை. மூன்று கோளாறும் ஒரே பரம்பரை அலகிலே ஏற்பட்ட பிழையால் வந்தவை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நிறத்தையும் உயரத்தையும் கொண்டுவரும் அதே பரம்பரை அலகுகளில் ஒன்றுதான் நேரத்தையும் கொண்டுவருகிறது. அதற்குப் ‘பீரியட்’ என்று பெயர் வைத்தார்கள். 1984இல் ஹோல், ரொஸ்பாஷ், யங் என்னும் மூவர் அந்த அலகைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அது வேலைசெய்யும் முறையைப் பின்னர் விளக்கினார்கள். 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அம்மூவருக்கும் கிடைத்தது.

வேலைசெய்யும் முறை என்ன? நம் முன்னோர் நேரம் அறியப் பயன்படுத்திய நாழிகை வட்டிலை எண்ணிப் பாருங்கள். அடியிலே சிறு துளை உள்ள கிண்ணத்தை நீரில் மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் சிறிது சிறிதாக ஏறும். கிண்ணம் நிறைந்ததும் மூழ்கும். எடுத்து நீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் மிதக்க விடுவார்கள். ஒரு முறை மூழ்கினால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். நம் உடலின் கலங்களுக்குள்ளேயும் இது போன்றதொரு வட்டில் இருக்கிறது. ‘க்ளொக்’, ‘பீமால்’ என்னும் இரண்டு புரதங்கள் சேர்ந்து ‘பீரியட்’ முதலிய அலகுகளைத் தூண்டிவிடுகின்றன. அவற்றிலிருந்து புதிய புரதங்கள் உண்டாகிக் கலத்திலே சிறிது சிறிதாக நிறைகின்றன. போதிய அளவு நிறைந்ததும் அவை கலத்தின் கருவுக்குள்ளே சென்று, தம்மை உண்டாக்கிய அந்த இரண்டையுமே அடக்கிவிடுகின்றன. உற்பத்தி நிற்கிறது. இருந்த புரதமும் படிப்படியாக அழிகிறது. வட்டில் வெறுமையானதும் வேலை மறுபடியும் தொடங்குகிறது. இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. மனிதரிடம் சராசரியாக 24 மணியும் 11 நிமிடமும் என்று 1999இல் அளந்து கண்டார்கள். மிஞ்சுகிற சில நிமிடங்களை ஒவ்வொரு நாளும் காலை வெளிச்சம் திருத்தி வைக்கிறது.

வெளிச்சத்தைக் கண்டு திருந்தும் தலைமைக் கடிகாரம் மூளையிலே, இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. கடிகாரம் அது ஒன்றுதான் என்று முன்பு நினைத்தார்கள். அப்படியன்று. ஈரலுக்கு ஒன்று, தசைக்கு ஒன்று, கொழுப்பிழையத்துக்கும் ஒன்று என்று உறுப்புத்தோறும் கடிகாரம் இருக்கிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். விடியுமுன்னே தப்பு முழங்கும், பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவார்கள், மலைக்குப் போவார்கள், கொழுந்து நிறுப்பார்கள், லொறி வந்து ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும். துரையின் பங்களாவில் ஒரு மணிக்கூடு இருக்கும். ஒவ்வொரு மலைக்கும் பொறுப்பான கணக்கப்பிள்ளையின் கையிலும் ஒன்று இருக்கும். எல்லாம் ஒரே நேரம் காட்டினால் வேலை சீராக நடக்கும். கணக்கப்பிள்ளையின் மணிக்கூடு பிந்திப் போனால் என்ன ஆகும்? லொறி வந்து நிற்கும்போது கொழுந்து வராது. கொழுந்து வந்து சேரும்போது லொறி இராது. கொழுந்து வெயிலில் கிடந்து வாடும். குற்றம் கொழுந்தின் மேலும் இல்லை, பறித்தவர் மேலும் இல்லை. இரண்டு மணிக்கூடுகள் ஒத்துப்போகாததே குற்றம்.

கொழுப்பிழையம் வெறும் சேமிப்புச் சாக்கு என்று எண்ணவேண்டாம். மிஞ்சிய உணவை எப்போது வாங்கி வைப்பது, எப்போது எடுத்துக் கொடுப்பது என்று பார்க்கும் களஞ்சியம் அது. ‘போதும், இனி உண்ணாதே’ என்று மூளைக்குச் சொல்லி அனுப்பும் லெப்ரின் என்ற ஓமோனையும் அதுவே சுரக்கிறது. இந்த ஓமோனை 1994இல் ஃபிரீட்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் களஞ்சியத்திலும் மணிக்கூடு உண்டென்று எப்படித் தெரிந்தது? இங்கிலாந்தில் சரே பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சிலரைத் தங்கள் கூடத்தில் தங்கவைத்தார்கள். விளக்கின் ஒளியையும் உணவையும் இரவு பகல் வேறுபாடில்லாமல் ஒரே சீராகக் கொடுத்து, அவர்களை உறங்கவிடாமல் வைத்து, ஆறு மணிநேரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியிலிருந்து துளி கொழுப்பை எடுத்து ஆராய்ந்தார்கள். வெளியிலிருந்து நேரம் சொல்லும் அடையாளம் எதுவும் இல்லாதபோதும் அந்தக் கொழுப்பிலே 727 பரம்பரை அலகுகள் நாள் ஒழுங்கில் ஏறியிறங்கிக்கொண்டிருந்தன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலையிலும், மூன்றில் இரண்டு பங்கு மாலையிலும் உச்சத்தை அடைந்தன. 2019இல் இந்த முடிவு வெளியாயிற்று.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2017இல், அதே பல்கலைக்கழகம் வெளியிட்ட இன்னொரு சோதனைதான் நமக்கு மிக முக்கியம். ஆரோக்கியமான பத்து இளைஞருக்கு முதலில் விழித்த அரைமணியிலிருந்து மூன்று வேளை உணவு கொடுத்தார்கள். பிறகு, உறங்கும் நேரத்தை மாற்றாமல், மூன்று வேளையையும் ஐந்து மணிநேரம் பிந்திக் கொடுத்தார்கள். ஆறு நாள் இப்படி நடந்தது. மூளையின் தலைமைக் கடிகாரம் அசையவில்லை. இரத்தத்தில் குளுக்கோசு ஏறியிறங்கும் ஒழுங்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல் பிந்திப் போயிற்று. கொழுப்பிழையத்துக் கடிகாரமும் ஏறக்குறைய ஒரு மணிநேரம் பிந்தியது. இதன் பொருள் என்ன? துரையின் மணிக்கூடு சூரியனைப் பார்க்கிறது; கணக்கப்பிள்ளையின் மணிக்கூடு சோற்றுப் பானையைப் பார்க்கிறது. நேரம் தவறி உண்டால் இரண்டும் பிரிந்துபோகின்றன.

பிரிந்தால் உடம்புக்கு என்ன ஆகிறது? 2009இல் அமெரிக்காவில் ஷீயர் என்பவரும் தோழரும் பத்துப் பேரை 28 மணிநேர நாளிலே வாழவைத்தார்கள். அதனால் உணவும் உறக்கமும் கடிகாரத்தின் எல்லா வேளைகளிலும் மாறிமாறி வந்தன. கடிகாரத்துக்கு நேர்மாறாக உண்டு உறங்கிய வேளையில் லெப்ரின் நூற்றுக்கு 17 பங்கு குறைந்தது. ‘போதும்’ என்ற குரல் தணிந்துவிட்டது. இன்சுலின் கூடிச் சுரந்தும் இரத்தக் குளுக்கோசு உயர்ந்தது. அக்குழுவினரே 2022இல் நிறை மிகுந்த 16 பேரைச் சோதித்தார்கள். அதே உணவை, அதே அளவிலே, ஏறக்குறைய நாலு மணிநேரம் பிந்திக் கொடுத்தார்கள். பசி கூடிற்று, உடல் எரிக்கும் சக்தி குறைந்தது, கொழுப்பிழையத்திலே கொழுப்பைக் கரைக்கும் வேலை குறைந்து சேர்க்கும் வேலை கூடும் வகையில் பரம்பரை அலகுகள் மாறின. ஒரு பிடி சோறு கூடக் கூட்டி உண்ணவில்லை. நேரம் ஒன்றே மாறியது. இதைக் கேட்டபோது நாம் சிரித்த சிரிப்பு நமக்கு நினைவுக்கு வந்தது.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். விஞ்ஞானம் சொன்னதற்கு மேலே ஓர் அங்குலமும் நாம் சொல்லக்கூடாது. எலிகளிலே ‘க்ளொக்’ என்ற அலகைப் பழுதாக்கினால் அவை வேளை தவறித் தின்று பருத்துப் போகின்றன என்று 2005இல் கண்டார்கள். ஒரிசாவிலே பிறந்து அமெரிக்காவிலே ஆராயும் சச்சிதானந்த பண்டா 2012இல் கொழுப்புணவை எலிகளுக்கு நாளில் எட்டு மணிநேரம் மட்டும் கொடுத்துப் பார்த்தார். நாள் முழுதும் அதே அளவு தின்ற எலிகள் பருத்தன; வேளைக்குள் தின்றவை பருமனிலிருந்து தப்பின. ஆனால் மனிதர் எலியல்லர். மெலிந்தவர், பருத்தவர், நீரிழிவுள்ளவர் ஆகியோரின் கொழுப்பை எடுத்து 2011இல் ஒப்பிட்டபோது, கடிகார அலகுகளின் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ஆகவே பருத்தவருடைய கடிகாரம் உடைந்த கடிகாரம் என்று சொல்ல நியாயமில்லை. சீனத்துக் குவாங்சோ நகரில் பருமனுள்ள 139 பேரை ஓர் ஆண்டு பார்த்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். இரு பகுதியாருக்கும் உணவைக் குறைத்தார்கள். ஒரு பகுதியார் அதைக் காலை எட்டு முதல் மாலை நாலு மணிக்குள் மட்டும் உண்டார்கள். இரு பகுதியாரும் ஏறக்குறைய ஒரே அளவிலேதான் மெலிந்தார்கள். எனவே, வேளையில் உண்டால் எவ்வளவும் உண்ணலாம் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அளவும் வேண்டும், வேளையும் வேண்டும்.

வள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். முன்பு உண்டது செரித்ததை அறிந்து பிறகு உண்ணச் சொன்னார். அளவறிந்து உண்ணச் சொன்னார். அதற்காக, பரம்பரை அலகையும் அவர் அறிந்திருந்தார் என்று மார்தட்டுவது அவருக்குப் பெருமை ஆகாது. அவர் வாழ்க்கையைப் பார்த்துச் சொன்னார். இவர்கள் கலத்தைப் பிளந்து பார்த்துச் சொல்கிறார்கள். இரண்டையும் கேட்டு நடப்பவன் புத்திசாலி.

நம் வீடுகளிலே என்ன நடக்கிறது? பெரியவர்களுக்கு நினைவிருக்கும். குப்பிவிளக்கு எரிந்த காலத்தில் மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. ஏழு மணிக்குள் உண்டு முடித்துப் பாயை விரித்துவிடுவோம். அது சிக்கனத்துக்காகச் செய்த காரியம். உடம்புக்கும் நன்மையாக அமைந்தது. இன்று மின்சாரம் வந்திருக்கிறது; பிள்ளைகள் இரவிலும் படிக்கிறார்கள்; அது நல்லதே. ஆனால் தொலைக்காட்சி நாடகம் முடிந்த பிறகு சோறு, கைத்தொலைபேசியை மூடுமுன் ஒரு கொத்துரொட்டி என்று வேளை ஓடிப்போய்விட்டது. ஒரே உணவைக் காலை எட்டு மணிக்கு உண்பதைவிட இரவு எட்டு மணிக்கு உண்டால் இரத்தக் குளுக்கோசு நூற்றுக்கு 17 பங்கு கூடுதலாக ஏறியது என்று 2015இல் ஷீயர் குழுவினர் வெளியிட்ட சோதனை கூறுகிறது. நாமோ காலையில் வெறும் தேநீரோடு ஓடிவிட்டு, இரவில் பானையைக் கவிழ்க்கிறோம்.

இது விரும்பிச் செய்வோர் கதை. வேறு வழியின்றிச் செய்வோர் எத்தனை பேர்! தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லொறிச் சாரதிகள் நம்மவரில் இருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலையில் முறை மாறி வேலைசெய்யும் தங்கையர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இரவு கண்விழிக்கும் தாதியர் இருக்கிறார்கள். இவர்களிடம் “ஏழு மணிக்கு உண்டு ஒன்பது மணிக்கு உறங்குங்கள்” என்று சொல்வது எளிது. சொல்பவருக்கு வெட்கம் இல்லாவிட்டால் சொல்லலாம். அவர்கள் நமக்காக விழித்திருக்கிறார்கள்.

அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2021இல் பொஸ்டன் நகரத்தார் வெளியிட்ட சோதனையிலே 19 பேர் இரவு வேலைசெய்வோரைப்போல வாழ்ந்தார்கள். இரவிலும் உண்டவர்களுக்குக் குளுக்கோசு சராசரி நூற்றுக்கு 6.4 பங்கு உயர்ந்தது. இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டும் உண்டவர்களுக்கு உயரவில்லை. சிறிய சோதனைதான், எனினும் நல்ல வழிகாட்டி. இரவு வேலைக்குப் போகிறவர் போகுமுன்னே வயிறார உண்டுவிட்டுப் போகலாம். நடுச்சாமத்தில் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்ப்பதைக் குறைத்து, தண்ணீரோ சீனியில்லாத தேநீரோ குடித்து, விடிந்த பின் சிறிது உண்டு உறங்கலாம். ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வைத்தியரைக் கேளாமல் உணவு வேளையை மாற்றக்கூடாது. மருந்தை எடுத்துவிட்டு உண்ணாமலிருந்தால் குளுக்கோசு திடீரென்று விழுந்து மயக்கம் வரும்; உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இனிச் சங்கம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, நம் கூட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டு, ஏழரைக்குத் தொடங்கி, நன்றியுரை முடிந்து பந்தி விரிக்கும்போது பத்தரை ஆகிறது. பசித்த பிள்ளைகள் வடையையும் பலகாரத்தையும் கொறித்துவிட்டு அதன் மேல் சோறும் உண்கிறார்கள். இனிமேல் பந்தி முந்தட்டும், பேச்சு பிந்தட்டும். நீளப் பேசுகிறவர்களும் இதனால் திருந்துவார்கள். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். இரண்டாவது, நிறை பார்க்கும் தராசு ஒன்றும் உயரம் அளக்கும் கோல் ஒன்றும் சங்க மண்டபத்தில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளட்டும். பிறர் முன்னே உரக்க வாசிக்காமல் அவரவர் கையிலே குறித்துக் கொடுங்கள். மூன்றாவது, இரவு வேலைசெய்யும் உறுப்பினருக்காக ஞாயிறு பின்னேரத்தில் ஒரு விளையாட்டு வேளை ஒதுக்குவோம். அவர் வரக்கூடிய நேரத்தில் நாம் அங்கே இருப்போம்.

அந்தச் சமணர் மலை வௌவாலிடம் இப்போது திரும்பி வருகிறோம். இருட்டிலே அடைபட்ட அந்தச் சிறு பிராணிக்குச் சூரியன் நேரம் சொல்லவில்லை. கூட இருந்த சுற்றம் சொன்னது. சுற்றம் இருந்தவரையில் அது நேரம் தவறவில்லை. நம் தம்பி இரவின் இருட்டிலே தனியே இருந்தார். நேரம் சொல்லவேண்டிய சுற்றம் நாம். நாமோ பட்டப்பெயர் சொன்னோம்.

சென்ற வாரம் அவருடைய வீட்டுக்குப் போனோம். பகல் பதினொரு மணி, உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று அவருடைய அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளித்திண்ணையிலே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவராகவே எழுந்து வந்தார். அன்று பேசியதற்காக மன்னிப்புக் கேட்டோம். “அதை விடுங்கள் அண்ணே, பந்து இருக்கிறதா?” என்று கேட்டார்.

பந்து இருக்கிறது. வருகிற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வலை கட்டப்படும். எல்லோரும் வாருங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள்.